ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆண்டு: ஹோஸ்ட் குடும்பத்தோடு மகள் எப்படி இருப்பாள்?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 16. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தேர்வாகி ஒரு பள்ளி ஆண்டு ஜெர்மனியில் இருந்து படிக்கப் போகிறாள். விடுதி கிடையாது, ஒரு ஜெர்மன் குடும்பத்தோடுதான் தங்க வேண்டும். போன வாரம் விவரம் வந்தது. நீடர்சாக்சன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா, பதினான்கு வயதுப் பெண், பத்து வயதுப் பையன், ஒரு நாய். அந்த அம்மா வீட்டுப் படங்களோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறார்.

மகளுக்குக் கால் தரையில் படவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு யாரும் பணம் தருவதில்லையாம். "காசும் வாங்காம ஒரு வருசம் எதுக்குச் சோறு போடுறாங்க?" என்று என் மாமியார் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு. அங்கே என்ன சாப்பிடுவாள்? தினமும் வீடியோ காலில் பேசலாமா? குடும்பம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கௌரி_கோவை

வாழ்த்துகள் அக்கா. நானும் பள்ளிப் பருவத்தில் வட ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு இருந்து படித்தவள்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. இந்த வழக்கமே போரிலிருந்து வந்தது. முதல் உலகப் போரின்போது, 1915-இல், பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு அப்படித் தொடங்கியதுதான். இரண்டாம் போர் முடிந்தபின், 1947-இல், பள்ளி மாணவர்களை வேறு நாட்டு வீடுகளில் தங்கவைக்கும் வேலையை அவர்கள் கையில் எடுத்தார்கள். 1951-இல் ஒய்.எஃப்.யு. என்ற இன்னொரு திட்டம் ஜெர்மன் பிள்ளைகளை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்துப்போனது. ஆறு வருடம் முன்புவரை எதிரி நாடு! அந்த நாட்டுப் பிள்ளையைத் தன் வீட்டில் தூங்கவைத்து, தன் பிள்ளையோடு பள்ளிக்கு அனுப்பினார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது வாடகை அறை ஆகிவிடும் என்பதால்தான் வாங்காமல் செய்கிறார்கள். உங்கள் மகள் அந்த வீட்டுக்கு இன்னொரு பிள்ளையாகப் போகிறாள், விருந்தாளியாக அல்ல. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பல வீடுகளில் ஒரு வேளைதான் சூடான சாப்பாடு. இரவு ஆறு, ஆறரைக்கே மேசையில் ஆளுக்கொரு சின்ன மரப்பலகையும் கத்தியும் வைத்துவிடுவார்கள். நடுவில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், நாலைந்து வகை சீஸ், இறைச்சித் துண்டுகள், வெள்ளரிக்காய், ஊறவைத்த காய். அவரவர் எடுத்து அவரவரே தடவிச் சாப்பிட வேண்டியதுதான். வயிறு நிறையும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. கொஞ்ச நாளில் பழகிவிடும். எனக்கு இப்போதும் அந்த ரொட்டி ஞாபகம் வந்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

'சைவம்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அங்கே சைவக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், எல்லோருக்கும் புரியும். ஆனால் மீனும் கூடாதா, இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்த சூப்பும் கூடாதா என்பது உங்கள் வீட்டு விஷயம், அவர்களுக்குத் தெரியாது. பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட் போன்றவற்றில் பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கிப் போடுவதுண்டு. கரடி வடிவத்தில் வரும் ஜவ்வு மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். எது கூடாது, எது சரி என்று நாலு வரி இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினால் அவர்களுக்கு நிம்மதி.

அப்புறம், நம் பிள்ளைகள் பட்டினி கிடப்பது காரத்தினால் அல்ல, கூச்சத்தினால். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டால் நாம் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை தட்டை நீட்டுவோம். அங்கே முதல் தடவையோடு பாத்திரம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அன்பில்லாமல் அல்ல. வேண்டாம் என்றவளை வற்புறுத்துவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பசித்தால் "வேண்டும்" என்று உடனே சொல்ல அவளைப் பழக்குங்கள்.

வீட்டு வழக்கங்கள் ஏராளம். குளிர்காலத்தில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்றோட்டம் விடுவார்கள். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் கண்ணாடித் தடுப்பை வழித்துவிட வேண்டும். வடிகாலில் சிக்கிய முடியை எடுப்பது ரொம்ப முக்கியம், நம் பெண்களுக்கு நீளமான கூந்தல் ஆயிற்றே. குப்பைக்கு நாலைந்து தொட்டி: காகிதம் ஒன்றில், பிளாஸ்டிக் உறைகள் ஒன்றில், காய்கறித் தோல் ஒன்றில். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், தெருவே அமைதியாக இருக்கும். இதெல்லாம் முதல் வாரத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் சரியாகிவிடும்.

கதவு விஷயம் அப்படியல்ல. பள்ளி விட்டு வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், "தனியாக இருக்க விரும்புகிறாள், தொந்தரவு செய்யக்கூடாது" என்று விட்டுவிடுவார்கள். யாரும் வந்து தட்ட மாட்டார்கள். உள்ளே இவள் "யாருமே கூப்பிடவில்லையே" என்று அழுதுகொண்டிருப்பாள். வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். பேச்சு தானாக வரும், மொழியும் வரும்.

வசந்தி_டோர்ட்முண்ட்

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இளவயதிலேயே ஜேர்மனிக்கு வந்தவள். நாங்களே எங்கள் வீட்டில் பரிமாற்ற மாணவிகளை வைத்திருந்திருக்கிறோம். முதலில் தென்னமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளை, பிறகு தாய்லாந்துப் பிள்ளை. அந்தப் பக்கத்தில் நிற்கிற தாயாக எழுதுகிறேன்.

"காசு எவ்வளவு தருகினம்?" என்று எங்கள் சொந்தக்காரரும் கேட்டார்கள். ஒரு சதமும் இல்லை. நாங்கள் வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மா ஒருவர்தான் எங்கள் கடிதங்களை வாசித்துச் சொன்னார், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அவருக்குத் திருப்பிச் செய்ய வழியில்லை, அவர் இப்போது இல்லை. வேறு யாருடைய பிள்ளைக்காவது செய்யலாம் என்று நினைத்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும். உங்கள் மகளுக்கு வாய்த்த தாயிடம் கேட்டுப் பாருங்கள், சந்தோசமாகச் சொல்வார்.

எங்களைச் சும்மா தெரிவு செய்யவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைக்கான அறையைப் பார்த்தார்கள், எங்கள் பிள்ளைகளோடு தனியாகக் கதைத்தார்கள், பெரியவர்களிடம் பொலிஸ் நடத்தைச் சான்றிதழ் வாங்கினார்கள். உங்கள் அமைப்பிடமும் இதையெல்லாம் செய்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனித் தொலைபேசி. இதைத்தான் சொல்ல வந்தேன். கோடையில் இந்தியா எங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் அது நாலரை மணி நேரம். நீங்கள் வேலையெல்லாம் முடித்து இரவு பத்தரைக்கு ஆறுதலாக எடுக்கிற அழைப்பு, எங்களுக்குக் குளிர்காலத்து மாலை ஆறு மணி. நாள் முழுக்கப் பள்ளி, வேலை என்று சிதறிக் கிடந்த குடும்பம் ஒன்றாக இருக்கிற ஒரே நேரம் அந்த மேசைதான். எங்கள் வீட்டிலிருந்த முதல் பிள்ளைக்கு அந்த நேரத்தில்தான் தாயின் அழைப்பு வரும். எழும்பிப் போவாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும், மேசையில் கதை முடிந்திருக்கும். மாதக் கணக்கில் அவள் எங்கள் வீட்டிலும் இல்லை, தன் வீட்டிலும் இல்லை. எனக்கு இரண்டு தாய்மாரையும் நினைத்துத்தான் வேதனை.

வேலு_மதுரை

வசந்தி அம்மா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை. 16 வயதுப் பெண் குழந்தை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறாள். தினமும் முகத்தைப் பார்த்தால்தான் நல்லாயிருக்கிறாளா, ஏதாவது மறைக்கிறாளா என்று பெற்றவர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் "நல்லா இருக்கேன்" என்று எழுதுவதை நம்பிவிட முடியுமா? என் மகன் பெங்களூரு விடுதியில் இருந்தபோது காய்ச்சலில் கிடந்ததே அவன் குரலை வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முத்து_சென்னை

வேலு அண்ணா சொல்வதில் ஒரு பாதி சரி என்று அனுபவத்தில் சொல்கிறேன். நானும் ஜெர்மனிக்குப் பரிமாற்றத்தில் போனவன், நடுவில் குடும்பம் மாறியவன்.

என் முதல் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வெள்ளி, சனி மாலை ஆனால் இருவரும் வெளியே கிளம்பிவிடுவார்கள், குழந்தைகள் என் பொறுப்பு. முதலில் "இன்று மட்டும்" என்றார்கள். பிறகு சொல்லிக்கொள்வதுகூட இல்லை. என் வகுப்புப் பையன்கள் கால்பந்து முடிந்து கூடும் நேரமும் அதுதான். பாத்திரம் கழுவும் எந்திரத்தைக் காலி செய்வது, நாயை நடக்கக் கூட்டிப்போவது, புல் வெட்டுவது எல்லாம் வீட்டுப் பிள்ளை செய்கிற வேலை. அதைச் சந்தோஷமாகச் செய்யலாம். குழந்தை பார்க்கும் ஆளாக வாராவாரம் உட்காரவைப்பது அந்தக் கணக்கில் வராது.

பரிமாற்ற அமைப்பின் எங்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "அனுசரித்துப் போ" என்றார். என் அம்மா என்ன செய்தார் தெரியுமா? பதறி அந்த வீட்டுக்குப் போன் போடவில்லை. "எந்தெந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுது, முதலில் அவர்களிடமே உட்கார்ந்து பேசு, மாறாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு" என்றார். பேசினேன். மாறவில்லை. அனுப்பினேன். கொஞ்ச நாள் ஓர் இடைக்கால வீட்டில் இருந்தேன். பிறகு என் பள்ளி ஆசிரியை ஒருவரின் குடும்பம் என்னை எடுத்துக்கொண்டது. அவர்களோடு இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பம் மாறுவது அவமானம் இல்லை அக்கா. இரண்டு நல்ல குடும்பங்களுக்கு இடையிலேயே ஒத்துப்போகாமல் இருக்கலாம், நம் ஊர்க் கல்யாணங்களில் பார்ப்பதில்லையா. பயம் தரும்படி ஏதாவது நடந்தால் மட்டும் 'முதலில் பேசிப் பார்' என்பதெல்லாம் கிடையாது. உடனே வெளியே வந்து அமைப்பின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண்ணை அலைபேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதிப் பையில் போடுங்கள். இதை அவளிடம் தெளிவாகச் சொல்லியே அனுப்புங்கள்.

திருச்சி_நித்யா

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு 22 வயது, ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் முடித்திருக்கிறேன். குழந்தை பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு தங்கும் 'ஓ-பேர்' என்பதும் இதுவும் ஒன்றா?

கௌரி_கோவை

இல்லைம்மா, முற்றிலும் வேறு. ஓ-பேருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. தங்க இடம், சாப்பாடு, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்கு ஒரு தொகை என்று குடும்பம் தரும். பதிலுக்கு வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் போகாமல் குழந்தைகளைக் கவனிப்பது, சின்ன வீட்டு வேலைகள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் போகாதே. தனி இழை ஒன்று தொடங்கு, அங்கே பேசலாம்.

வசந்தி_டோர்ட்முண்ட்

வேலு அண்ணா, பேசவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், வேண்டியது அதுதான். ஆனால் நாளும் நேரமும் குறித்துப் பாருங்கள். இங்கே ஞாயிறு மத்தியானம் மூன்று, நாலு மணிக்குக் கேக்கும் கோப்பியும் சாப்பிடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளை உங்களுக்கு. இடையில் ஒரு படம், ஒரு குரல் செய்தி. ஆறு மணி மேசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தினமும் அழைத்தால் பிள்ளை அன்றைய சின்னச் சங்கடத்தை அன்றைக்கே உங்களிடம் சொல்லி அழுதுவிடும். நீங்கள் இரவு முழுக்க முழித்திருப்பீர்கள். அவள் அடுத்த நாள் அதை மறந்திருப்பாள். ஆனால் பக்கத்திலிருக்கும் எனக்கு அது தெரியவே வராது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்கக்கூடிய ஆள் நான் அல்லவா? தாய்லாந்துப் பிள்ளை வந்தபோது அவள் தாய் முதல் வாரமே எனக்கு எழுதினார்: "இவள் அழுதால் முதலில் உங்களிடம் அழட்டும்." அந்த ஒரு வரியில் என்னையும் ஒரு தாயாக்கிவிட்டார். அவளைக் கோடையில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கூட்டிப்போனோம். 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். காவடி பார்த்துவிட்டு ஜேர்மனிக்கு வந்து இதையும் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றாள்.

வேலு_மதுரை

"முதலில் உங்களிடம் அழட்டும்" என்று ஒரு தாயால் எழுத முடிகிறது என்றால், பெரிய மனசு. என்னால் முடியுமா தெரியவில்லை. வாரம் இரண்டு தடவைக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பொருநைக்கரை அம்மா, படிப்பையும் கவனியுங்கள். அங்கே படித்த வருடத்தை இங்கே கணக்கில் எடுப்பார்களா, திரும்பி வந்து பதினோராம் வகுப்பிலேயே சேர வேண்டுமா என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் நன்றி. பள்ளியில் பேசிவிட்டோம், திரும்பி வந்து பதினொன்றுதான். ஒரு வருடம் போகட்டும் என்று முடிவு செய்தாயிற்று.

வசந்தி அக்கா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனார் என்ற இடத்தில் "இன்னொரு தடவ படி" என்றார். சாப்பாட்டு விஷயத்தை நாலு வரியில் எழுதி அனுப்பினேன். அந்த வீட்டு அம்மா ஒரே நாளில் பதில் போட்டுவிட்டார். அவர்களுடைய பெண்ணும் இறைச்சி சாப்பிடுவதில்லையாம்! பேசும் நாள் ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். புதன்கிழமை ஒரு குரல் செய்தி. என் கணவருக்கு இது போதவில்லை, வேலு அண்ணா கட்சி அவர்.

இன்னும் மூன்று கேள்வி. அங்கே 16 வயதுக்கே பீர் கொடுப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? அந்த வீட்டுக்கு என்ன எடுத்துப்போவது? எங்கள் ஊர் அல்வா கொடுத்தனுப்பலாமா?

முத்து_சென்னை

பீர் விஷயம் உண்மை. ஜெர்மனிச் சட்டப்படி 16 வயதில் பீரும் வைனும் வாங்கலாம், மற்ற மதுவகைகளுக்கு 18. வகுப்புப் பிள்ளைகள் விழாக்களில் குடிப்பதைப் பார்ப்பாள். ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவார்கள், கௌரி அக்கா சாப்பாட்டுக்குச் சொன்ன அதே குணம்தான். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து ஒரு பானம் எங்கும் கிடைக்கும், நான் வருடம் முழுக்க அதில்தான் ஓட்டினேன். உங்கள் அமைப்பின் விதி என்ன என்று பாருங்கள், உங்கள் விருப்பத்தை ஹோஸ்ட் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். மகளிடம் மிரட்டலாகப் பேசாமல் வெளிப்படையாகப் பேசுங்கள். இரவில் எங்காவது மாட்டிக்கொண்டால், திட்டு விழுமோ என்ற பயம் இல்லாமல் அந்த வீட்டு அப்பாவைக் கூப்பிட அவளுக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

சைக்கிள் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொடுங்கள். சிற்றூரில் பள்ளி, தோழி வீடு எல்லாம் சைக்கிள்தான். மதிப்பெண் அட்டையில் 1 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அங்கே 1 தான் முதல் தரம், 6 கடைசி. வகுப்பில் கைதூக்கிப் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு.

கௌரி_கோவை

பரிசுக்கு வேறெங்கும் தேட வேண்டாம் அக்கா. பத்தமடை பாய் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சுருட்டினால் எடை கிடையாது. சின்ன அளவில் மேசை விரிப்பாகவும் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஏதாவது கொடுத்தனுப்புங்கள். பத்து வயதுப் பையனுக்குப் பல்லாங்குழி கொடுத்தால் விளையாடச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் இருவரும் பழகிவிடுவார்கள்.

பால் பொருள், இறைச்சிப் பொருள் எதையும் பயணிகள் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதனால் நெய்யும் பால்கோவாவும் வேண்டவே வேண்டாம். அல்வாவிலும் நெய்தானே சொட்டுகிறது, விட்டுவிடுங்கள். கடலை மிட்டாய் போதும்.

அதைவிட, கிளம்புவதற்கு முன் மூன்று சமையல் கற்றுக்கொடுங்கள்: எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பருப்புச் சாம்பார். அரிசி, உருளை, எலுமிச்சை எல்லா ஊரிலும் கிடைக்கும். துவரம்பருப்புக்குப் பெரிய ஊரில் ஆசியக் கடை தேட வேண்டிவரும். கிடைக்காவிட்டால் மசூர் பருப்பில் செய்யலாம், அது சாதாரணக் கடையிலேயே இருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை அவள் சமையல் என்று அந்த வீட்டில் வைத்துக்கொண்டால், அன்று சமையலறை அவளுடையது, அந்த அம்மாவுக்கும் ஓய்வு. காரத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

சாம்பார்ப் பொடி கால் கிலோ போதும், கொஞ்சம் கடுகு, காய்ந்த மிளகாய். பெருங்காய டப்பாவை மட்டும் இரண்டு மூன்று உறை போட்டு இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கிற ஸ்வெட்டரெல்லாம் மணக்கும்.